மூன்று மார்க் நாய்

"சார், உங்க வாட்ச்மேன் வரமாட்டாராம்."

ஆலோசகர் செல்பேசியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார். அந்தக் காதிலும் அதே செய்திதான் விழுந்தது. பயிற்சி மையத்தின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண், நல்லதோ கெட்டதோ, எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொல்வாள்.

"யாரும்மா சொன்னது?"

"வீட்டுலேர்ந்து ஒரு அம்மா பேசினாங்க. அவருக்கு மனசு ஒப்பலையாம் சார்."

"அவர் சம்சாரமா இருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டு, ஆலோசகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசகர். விபத்து, தீ, அடிதடி, திருட்டு என்று எதிலாவது சிக்கி உடம்பு தேறியும் மனசு தேறாதவர்களுக்காக ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பிரிவு திறக்கப் போகிறார்கள். அதற்குத் தலைவர் பதவி அவருக்குத்தான். கதவில் ஒட்ட வேண்டிய பெயர்ப் பலகையின் எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டார். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. மனக்காயத்தை மதிப்பிடவும் ஆற்றவும் கற்றுத் தரும் ஒரு பயிற்சியை முடித்து சர்டிபிகேட் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பதவி, நேற்று வேலைக்குச் சேர்ந்த ஜூனியருக்குப் போய்விடும். அந்த ஜூனியர் ஏற்கெனவே சர்டிபிகேட் வாங்கி, கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்திருந்தான்.

பாடமெல்லாம் முடிந்தது. கடைசிச் சோதனை மட்டும் பாக்கி. நிஜமான ஓர் ஆளைக் கூட்டிவந்து, அவருக்கு நடந்த நிஜமான ஒரு சம்பவத்தை வைத்து, பயிற்சி தரும் அம்மாவின் கண் எதிரே சிகிச்சை செய்து காட்ட வேண்டும். அந்த அம்மாவை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். ஆலோசகர் ஒரு முறை செய்து காட்டித் தோற்றும் விட்டார்.

"ஏன் மேடம் ஃபெயில்?" என்று கேட்டதற்குப் பெரிய மேடம் இரண்டே வார்த்தைதான் சொன்னார்.

"நீங்க பேசறீங்க."

அது உண்மைதான். அன்றைக்கு வந்தவர் மாடிப்படியில் விழுந்த கதையைச் சொல்ல வாயெடுத்தார். ஆலோசகர் அவருக்கு மூளை எப்படிப் பயத்தைச் சேமித்து வைக்கிறது என்று விளக்கினார். மணி அடித்தபோது வந்தவர் முதல் படியில்தான் நின்றுகொண்டிருந்தார்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று ஆலோசகர் விதிகளை மனப்பாடம் செய்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் சாப்பிட்டுக்கொண்டே "ம்" கொட்டுவாள்.

"வர்ற ஆளு சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. அதுதான் முதல் விதி. அறையில கேட்டதை, அவங்களா எடுக்காம நான் வெளியில எடுக்கக் கூடாது, அது ரெண்டாவது."

"ம்."

"சம்பவம் சின்னதா இருக்கணும். பத்துக்கு எத்தனை மார்க் வேதனைன்னு கேப்பேன். பத்துன்னா தாங்கவே முடியாது. மூணு, நாலுக்கு மேல போனா பயிற்சிக்கு ஆகாது."

"ம்."

"ரெண்டு விரலை அவங்க கண்ணு முன்னாடி இப்படியும் அப்படியும் ஆட்டுவேன். அவங்க கண்ணாலயே விரலைத் தொடரணும். கொஞ்ச நேரம் கழிச்சு நிறுத்தி, 'இப்ப என்ன வருது?'ன்னு கேப்பேன். அவங்க எதைச் சொன்னாலும் நான் 'அதோட இருங்க'ன்னு மட்டும் சொல்லிட்டு மறுபடி விரலை ஆட்டணும். புத்தி சொல்லக் கூடாது. சமாதானம் சொல்லக் கூடாது. குறுக்க பேசக் கூடாது. எந்திரிச்சும் போகக் கூடாது."

"அவங்களால தாங்க முடியலன்னா?"

"கையைத் தூக்கினா போதும். உடனே நிறுத்திடணும். ஆனா கை தூக்கற உரிமை அவங்களுக்கு மட்டும்தான். எனக்குக் கிடையாது. இதுல என்ன அழகுன்னா..."

என்ன அழகு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் அவர் குடியிருப்பின் வாட்ச்மேனைப் பிடித்தார். வாட்ச்மேனுக்கு நல்ல சம்பவம் ஒன்று இருந்தது. போன வருஷம் திருடர்கள் வந்து அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, அவர் வைத்திருந்த டீயையும் குடித்துவிட்டுப் போனார்கள். டீ போனதுதான் வாட்ச்மேனுக்கு அதிக வருத்தம். ஆலோசகர் அதற்கு மூன்று மார்க் போட்டு வைத்திருந்தார். இப்போது அந்த வாட்ச்மேனும் வரமாட்டேன் என்கிறார்.

மறுநாள் காலை கேட்டைத் தாண்டும்போது வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சார், அந்த மையத்துக்கு வரச் சொன்னீங்களே, அது..."

ஆலோசகர் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். அவருக்குத் தெரியாதா என்ன? காயம் பட்ட மனசு, காயத்தைப் பற்றிய பேச்சைக் கண்டாலே ஒதுங்கி ஓடும். தவிர்ப்பு என்று பாடத்தில் ஒரு முழு நாள் நடத்தியிருக்கிறார்கள். வற்புறுத்தினால் காயம் ஆழமாகும்.

"எதுவும் சொல்ல வேண்டாம். எனக்குப் புரியுது. உங்க மனசு எப்ப தயாராகுதோ அப்ப பேசலாம்."

"இல்ல சார், நான் தயாராத்தான்..."

"அப்படித்தான் தோணும்," என்று கனிவாகச் சொல்லிவிட்டு ஆலோசகர் நடந்தார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அடுத்து மேல் மாடியில் குடியிருக்கும் வங்கி கேஷியர். இரண்டு வருஷம் முன்பு கவுண்டரில் ஒருவன் அவர்முன் கத்தியை நீட்டினான். கேஷியர் பழக்க தோஷத்தில் "டோக்கன் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். கத்திக்காரன் நிஜமாகவே டோக்கன் எடுக்கப் போனதால் பிடிபட்டான். ஊரே சிரித்த கதை அது. ஆனால் கேஷியருக்கு இன்னமும் காய்கறிக் கத்தியைப் பார்த்தால் கை நடுங்கும். ஆலோசகர் மூன்றரை மார்க் போட்டார். கேஷியரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

மூன்று நாள் கழித்துப் பயிற்சி மையத்திலிருந்து போன்.

"சார், உங்க கேஷியரும் வரமாட்டாராம்."

"அதெப்படிம்மா? நேத்து லிஃப்ட்ல பாத்தேனே, நல்லாத்தானே சிரிச்சார்!"

"வீட்டுலேர்ந்து பேசினாங்க சார். பழசைக் கிளற வேணாம்னு தோணுதாம். சார், பெரிய மேடம் சொல்லச் சொன்னாங்க. வர்ற சனிக்கிழமைதான் கடைசித் தேதி. அதுக்கு மேல அடுத்த வருஷம்தானாம்."

சாயங்காலம் லிஃப்டில் கேஷியர் மாட்டினார். "சார், நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன், எதுக்குத் திடீர்னு..." என்று ஆரம்பித்தார். ஆலோசகருக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே!

"உங்களைக் கட்டாயப்படுத்தவே மாட்டேன். காரணமும் கேக்க மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு, இரண்டு மாடி முன்னாலேயே இறங்கி, மீதியைப் படியேறிப் போனார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆலோசகர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"போச்சு. எல்லாம் போச்சு. கேஷியரும் கழண்டுக்கிட்டார். அந்த நேத்து வந்த பய என் சேர்ல உக்காரப் போறான்."

"அடடா," என்றாள் மனைவி. ஒரு சட்டையை மடித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். "நான் வேணா வரட்டுமா?"

"நீயா? சொந்தக்காரங்க வரக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"உங்க மேடத்துக்கு என்னைத் தெரியாதுல்ல?"

ஆலோசகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தப்புதான். கண்டுபிடித்தால் சர்டிபிகேட் போவது மட்டுமில்லை, மானமும் போகும். ஆனால் ஜூனியரின் கண்ணாடி போட்ட சர்டிபிகேட் கண்முன் வந்து நின்றது. அவர் மனசாட்சியைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்.

"கீழ் வீட்டு அம்மான்னு சொல்லிடலாமா?"

"சொல்லிடலாமே."

"சம்பவம்? சின்னதா ஏதாவது வேணுமே."

மனைவி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "சின்ன வயசுல ஒரு நாய் துரத்துச்சு," என்றாள்.

அன்றிரவே ஒத்திகை ஆரம்பமானது.

"சொல்லும்மா. எட்டாவது படிக்கும்போது..."

"ஏழாவதுங்க."

"எட்டுன்னே சொல்லு. எட்டுன்னாதான் ஞாபகம் தெளிவா இருக்கும்னு நம்புவாங்க."

"சரி. எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் விட்டு வந்துட்டிருந்தேன். தெருமுனையில ஒரு வெள்ளை நாய்..."

"கறுப்பு."

"என்னைத் துரத்தினது வெள்ளை நாய்ங்க."

"துரத்தினது எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். வெள்ளை நாய்க்கு யாரு பயப்படுவா? கறுப்புன்னு சொல்லு. எத்தனை மார்க்?"

"நான் அன்னிக்கு ஜுரம் வந்து படுத்துட்டேன். ஆறு, ஏழு..."

"மூணு. மூணுக்கு மேல ஒரு பைசா ஏத்தாதே. அப்புறம் பாதுகாப்பான இடம்னு ஒண்ணு கேப்பேன். மனசு நிம்மதியா இருக்கற இடம். நீ கடற்கரைன்னு சொல்லு."

"எனக்குக் கடல்னா பயம்."

"எல்லாரும் கடற்கரைதான் சொல்வாங்க."

மனைவி படுக்கையை உதறி விரித்தாள். பிறகு, "அங்கயும் இப்படித்தான் நடுவுல நடுவுல திருத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"அங்க எப்படித் திருத்த முடியும்? மூலையில சேர் போட்டு உக்காந்துருப்பாங்க அந்த அம்மா. வாயைத் திறந்தா ஃபெயில்."

"ஓ. அப்ப சரி," என்று விளக்கை அணைத்தாள்.

சனிக்கிழமை இருவரும் வேறு வேறு பஸ்ஸில் போனார்கள். ஆலோசகர் போய்ச் சேர்ந்தபோது, மனைவி வரவேற்பு மேசைப் பெண்ணிடம் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், பழக்கமில்லாத ஆளைப் பார்ப்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாள். நன்றாகவே நடிக்கிறாள் என்று ஆலோசகர் மெச்சிக்கொண்டார்.

அறை சின்னது. இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ டப்பா, மூலையில் பெரிய மேடம்.

"இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மேடம் கேட்டார்.

"ஒரே கட்டடம்தாங்க. தினம் பாப்பேன். மனசு விட்டுப் பேசினதில்ல."

மேடம் திருப்தியாகத் தலையசைத்தார். ஆலோசகர் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்மா. முதல்ல ஒரு பாதுகாப்பான இடத்தை நெனச்சுக்குங்க. உங்க மனசு நிம்மதியா இருக்கற இடம்."

"எங்க வீட்டு மொட்டை மாடி சார். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி."

கடற்கரை எங்கே போயிற்று? ஆலோசகர் கண்ணை உருட்டிக் காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"ரொம்ப நல்ல இடம்," என்றார் மூலையிலிருந்து பெரிய மேடம். "அங்க என்ன இருக்கு, சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லீங்க. அங்க யாரும் வந்து எதையும் விளக்க மாட்டாங்க."

பெரிய மேடம் சிரித்தார். ஆலோசகரும் சிரிக்க வேண்டியிருந்தது. அவர் அவசரமாக அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"இன்னிக்கு எந்தச் சம்பவத்தை எடுத்துக்கலாம்? ஏதோ நாய் துரத்தினதா சொன்னீங்களே."

"நாயைத்தான் சொல்லணும்னு வந்தேன் சார். இங்க உக்காந்ததும் வேற ஒண்ணு வருது."

"நாயே நல்லாத்தானே..." என்று ஆலோசகர் ஆரம்பித்தார். மூலையில் பெரிய மேடத்தின் பேனா டக்கென்று தட்டியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"எது வருதோ அதையே எடுத்துக்குங்கம்மா," என்றார் பெரிய மேடம். "பத்துக்கு எத்தனை?"

"பத்து."

பெரிய மேடத்தின் புருவம் உயர்ந்தது. "இது பயிற்சிதான். அவ்வளவு பெருசை இன்னிக்கே எடுக்கணுமா?"

"நான் பாத்துக்கறேங்க. முடியலன்னா கையைத் தூக்கறேன். நிறுத்திடுவாங்கல்ல?"

"கண்டிப்பா. நானும் இங்கயேதான் இருப்பேன். சார், ஆரம்பிங்க."

ஆலோசகர் இரண்டு விரலை நீட்டி ஆட்டத் தொடங்கினார். அவள் கண்கள் கூடவே போய் வந்தன. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் அவள் கண்களைப் பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. அது எப்போது வந்தது?

விரலை நிறுத்தினார். "இப்ப என்ன வருது?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி சார். ஏழு மாசம் எனக்கு. வீட்டுல தனியா இருந்தேன். திடீர்னு வலி. அவருக்கு ஃபோன் பண்ணேன்."

ஆலோசகரின் கை அந்தரத்தில் நின்றது.

"அதோட இருங்க," என்று மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார் பெரிய மேடம்.

"அதோட... இருங்க," என்றார் ஆலோசகர். விரல்கள் மறுபடி ஆடின, மழையில் பஸ் கண்ணாடியில் ஆடும் துடைப்பான் மாதிரி.

"இப்ப என்ன வருது?"

"அவர் எடுக்கல. கட் பண்ணிட்டு, கூட்டத்துல இருக்கேன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அன்னிக்கு அவருக்கு மேடையில பேச்சு. பெத்தவங்களுக்காக. பிள்ளைங்க பேசறதைக் காது கொடுத்துக் கேக்கறது எப்படின்னு."

பெரிய மேடம் "ச்சே" என்று முனகியது நன்றாகவே கேட்டது.

ஆலோசகருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. அரங்கில் ஐந்நூறு பேர். மந்திரி வந்திருந்தார். சாதாரண விஷயத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். பேச்சு முடிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். ஓடத்தானே செய்தார்? இதையெல்லாம் சொல்ல அவருடைய வாய் துடித்தது. தன்னையறியாமல் அவருடைய இடது கை உயர்ந்தது.

"சார்," என்றார் பெரிய மேடம், தாழ்ந்த குரலில். "கை தூக்கற உரிமை அவங்களுக்கு மட்டும்தான்."

ஆலோசகர் கையை இறக்கினார்.

"டாக்ஸி பிடிச்சு நானே போனேன் சார். குழந்தை உயிரோட பொறக்கல. அவர் சாயங்காலம் வந்தார். நான் சொல்ல வாயெடுத்தேன். 'இப்ப பேசாத, உடம்புக்கு ஆகாது'ன்னார். வீட்டுக்கு வந்தப்புறம் சொல்ல ஆரம்பிச்சேன். துக்கத்துக்குப் படி இருக்கு, நீ இப்ப மூணாவது படியில நிக்கறேன்னார். ஒரு வருஷம் கழிச்சும் ஒரு நாள் ஆரம்பிச்சேன். தொட்டிலைக் கூட தூக்கிக் குடுத்தாச்சு, இன்னும் எதுக்கு அதையே பேசறேன்னார். தொட்டில் எப்ப போச்சுன்னே எனக்குத் தெரியாது சார். நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள குடுத்துட்டார். என் நல்லதுக்காம்."

அவருடைய நல்லெண்ணம்தான் அது. சத்தியமாக நல்லெண்ணம்தான். காலித் தொட்டிலைப் பார்த்தால் அவள் உடைந்துவிடுவாள் என்றுதான் அன்று ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அதை அவளிடம் சொன்னதில்லை. ஆலோசகர் அழலாமா?

"அதோட இருங்க," என்றார்.

விரல்கள் ஆடின. தோள்பட்டை வலித்தது. அவள் கண்களில் தண்ணீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. விரலிலிருந்து பார்வையை எடுக்கவும் இல்லை.

"இப்ப... என்ன வருது?"

"ஒரு விஷயம் அவருக்கே தெரியாது சார். அந்த நர்ஸம்மா என் கையில குழந்தையைக் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன். பொண்ணு. தலை நெறைய முடி. விரல் எல்லாம் நீளம் நீளமா, அவரோடது மாதிரி." அவள் முதல் முறையாக அவருடைய நீட்டிய விரல்களை விரல்களாகப் பார்த்தாள். "நான் ஒரு பேர் வெச்சேன். காதுல சொன்னேன். அதை அவர்கிட்ட சொல்லணும் சொல்லணும்னு ஆறு வருஷமா பாக்கறேன். சொல்ல இடம் கெடைக்கல."



ஆலோசகருக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. சர்டிபிகேட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்றிருந்தது. ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்.

"என்ன பேர்..." என்று வந்துவிட்டது வாயில்.

டக்.

"சார்," என்றார் பெரிய மேடம். "உங்க ஆர்வத்துக்காகக் கேக்காதீங்க. அது அவங்களோடது. சொல்லணும்னா அவங்களே சொல்வாங்க."

ஆலோசகர் மனைவியைப் பார்த்தார். அவள் சொல்லவில்லை. காத்திருந்தார். அவள் அப்போதும் சொல்லவில்லை.

"அதோட இருங்க," என்றார் அவர்.

முடிவில், "இப்ப பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அவள் மூச்சை இழுத்து விட்டு யோசித்தாள்.

"ஆறு இருக்கும் சார். பரவால்ல. எறங்கிடுச்சு." டிஷ்யூ எடுத்து மூக்கைத் துடைத்தாள். பிறகு எழுந்து இருவரையும் பார்த்துக் கும்பிட்டாள். "ரொம்ப நன்றி. கடைசி வரைக்கும் கேட்டீங்க."

அவள் போனதும் பெரிய மேடம் வந்து ஆலோசகரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களைப் பத்தி எனக்கு இருந்த ஒரே கவலை உங்க வாய்தான். இன்னிக்கு அசத்திட்டீங்க. ரெண்டு மூணு எடத்துல தடுமாறினீங்க, ஆனா அடங்கிட்டீங்க. அவ்வளவு பெரிய விஷயத்தை அவங்க கொட்டும்போது, உங்க கண்ணுல தண்ணி. இருபது வருஷமா நான் பயிற்சி தர்றேன், இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல. பாஸ். திங்கக்கிழமை சர்டிபிகேட் வாங்கிக்குங்க."

"தேங்க்ஸ் மேடம்."

"அந்தப் புருஷனை நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. என்ன ஜென்மமோ! படிப்பறிவே இல்லாத ஆளா இருப்பான்."

"இல்ல மேடம்," என்றார் ஆலோசகர். "படிச்சவர் மாதிரிதான் தெரியுது."

"அப்ப இன்னும் மோசம். அப்புறம் ஒரு விஷயம். நீங்க ரெண்டு பேரும் ஒரே கட்டடம். படியில, லிஃப்ட்ல எதிர்ப்படுவீங்க. இங்க கேட்டது இந்த அறையோட. அவங்களா எடுக்காத வரைக்கும், நீங்களா அந்தக் குழந்தைப் பேச்சை எடுக்கவே கூடாது. எவ்வளவு வருஷம் ஆனாலும். என்ன?"

"சரி மேடம்," என்றார் ஆலோசகர். வேறு என்ன சொல்வார்? விதி அது. அவரே அவளுக்குச் சாப்பாட்டு வேளையில் ஒப்பித்த விதிகளில் அதுவும் ஒன்று.

வெளியே வந்தார். பாஸாகிவிட்டார். பெயர்ப் பலகை வந்துவிடும். ஜூனியர் எழுந்து நின்று வணக்கம் சொல்வான். ஆனால் இதில் ஒன்றுகூட மனசில் நிற்கவில்லை. நீளமான விரல்கள் கொண்ட ஒரு பெண் குழந்தைக்கு என்ன பெயர் என்பது ஒன்றுதான் நின்றது. வீட்டுக்குப் போய், அவள் எதிரே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். என்றைக்காவது அவளாகச் சொல்வாள். பாவம், அங்கே உட்கார்ந்ததும் தன்னை மறந்து கொட்டிவிட்டாள். இந்நேரம் என்ன பாடுபடுகிறாளோ!

வராந்தாவில் பார்த்தார். மனைவி இல்லை. வரவேற்பு மேசைப் பெண் செல்பேசிக்கு சார்ஜர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா எங்கம்மா?"

"அப்பவே கெளம்பிட்டாங்க சார். நல்லா சிரிச்ச மொகமா போனாங்க." அவள் சார்ஜரைச் சரி செய்தபடி, வழக்கமான அதே குரலில் கேட்டாள். "உங்க கட்டடத்துல எல்லாருக்காகவும் அவங்கதான் பேசுவாங்களா சார்? வாட்ச்மேன் வரமாட்டார்னு ஃபோன் பண்ணதும் அவங்கதான், கேஷியர் வரமாட்டார்னு பண்ணதும் அவங்கதான், இன்னிக்குத் தண்ணி கேட்டப்பவே குரலைக் கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு தடவையும் ஃபோனை வெக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: 'எதிர்ல உக்கார்றவர் கடைசி வரைக்கும் குறுக்க பேசாம கேட்டே ஆகணுமாமே, நெஜந்தானா?'"